எனக்குத் தூக்கம் வருகிறது, அக்கா

நிகோசியா
16 ஜனவரி 2005

அன்புத் தங்கச்சி, என் நங்கி நிலந்திக்கு,

புத்தம், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளின் காவல் உனக்கும் மகள் சத்துரிக்கும் இருக்கட்டும். நம் ஊர்ப் பெண் ஒருத்தி சொல்லித்தான் சுனாமிக்குப் பிறகு நீயும் பிள்ளையும் பள்ளிக்கூட முகாமில் இருப்பது தெரிந்தது. கேட்டதும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் புருஷன் லயனலைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். அன்று படகில் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லையாமே.

அழுது அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. பிள்ளைக்காகவாவது ஒரு வாய் சாப்பிடு. மூன்றாம் மாதம் பிக்குகளுக்குக் கொடுக்கும் தானத்தை அவன் பெயரில் நல்லபடியாகச் செய்துவிடுவோம்.

என் பாடு வேறு. இந்தச் சைப்ரஸ் வீட்டில் நான் பார்த்துக்கொள்ளும் வயதான எலேனி அம்மாவைக் குளிப்பாட்டக் குழாயைத் திறந்தால் என் கை விறைத்துப் போகிறது. டிவியில் பார்த்த அலை தொட்டிக்குள் வருகிறது. என்மேல் ஒரு துளிகூடப் படவில்லை. எனக்கு எதற்கு இது? வெட்கமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லிவிடாதே.

உன் அக்கா
பத்மலதா


அஹங்கம
9 பெப்ரவரி 2005

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன பதில் எழுதுவது என்று தெரியாமலே நாள் போய்விட்டது. நீங்கள் நினைப்பது போல நான் இல்லை. எனக்குத் தூக்கம் வருகிறது, அக்கா. கல்யாணமான நாளிலிருந்து இப்படித் தூங்கியதில்லை.

இங்கே எல்லோரும் தூக்கத்தில் அலறுகிறார்கள். சத்துரி செருப்புகளை வரிசையாக அடுக்கி, கையை அலை மாதிரி வீசி எல்லாவற்றையும் தள்ளிவிடுவாள். பிறகு மறுபடி அடுக்குவாள். நான் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். பக்கத்துப் பாயில் படுக்கும் ரோஸ்லின் அக்கா என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வாரம் அரிசி மூட்டை இறக்க வந்த ஆள் ஒருவன் கசிப்புச் சாராயம் குடித்திருந்தான். வாசலில் நின்று தொண்டையைச் செருமினான், அவ்வளவுதான். நினைவு வந்தபோது மேசைக்கடியில் இருந்தேன். சத்துரியின் வாயை என் கை பொத்தியிருந்தது.

முகாமுக்கு வரும் ருவினி டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணி வந்தது ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மிஸ். வீட்டுக்காரர் குடிச்சிட்டு வர்றது."

உங்களிடம்கூடச் சொன்னதில்லை. என் முழங்கை உடைந்தது கிணற்றடியில் விழுந்ததால் அல்ல.

"ஒரே நாள்ல விழுற அடி ஒரு மாதிரி. எப்ப விழுமோன்னு தினமும் காத்துக்கிட்டே இருக்கிறது இன்னொரு மாதிரி. ரெண்டும் காயம்தான்," என்றார் டாக்டர். உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்களைப் பற்றியும் கேட்டேன், கோபிக்காதீர்கள். பாசம் வைத்தவர்களுக்குத் தூரத்திலிருந்து பார்த்தாலும் காயம் படுமாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லையாம்.

தலையை ஆட்டினேனே தவிர எனக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே எல்லோருக்கும் நோவைக் கொடுத்தது கடல். என் நோவை அது கொண்டுபோய்விட்டது. இத்தனை பேர் செத்த இடத்தில் இப்படி நினைப்பது பாவமில்லையா?

நிலந்தி


நிகோசியா
2 மார்ச் 2005

நங்கி,

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் என்னிடம் மறைத்தாயே. பிறகு, செத்தவனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்றும் தோன்றியது. நான் வெளிநாடு கிளம்பியபோது பெட்டியைத் தூக்கி வந்து, பஸ் நகரும்வரை அழுதுகொண்டு நின்ற லயனலைத்தான் எனக்குத் தெரியும். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு ஞாபகங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும் என்கிறார்கள். உனக்கும் அப்படி இருக்குமோ? டாக்டரிடம் கேள்.

நான் டிவி பார்ப்பதை விட்டுவிட்டேன். குழாய்ப் பயம் கொஞ்சம் பரவாயில்லை. தானத்துக்கு நாள் பார்த்து எழுது.

அக்கா


அஹங்கம
20 மார்ச் 2005

அக்கா,

தானம் வேண்டாம். அவர் உயிரோடு இருக்கிறார்.

அம்பாந்தோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், கால் உடைந்து, தன் பெயரையே சொல்லத் தெரியாமல் கிடந்தாராம்; இப்போதுதான் ஞாபகம் வந்ததாம். கிராம சேவகர் வந்து சொன்னதும் முகாமே பாற்சோறு பொங்கியது. ரோஸ்லின் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, எல்லாம் என் புண்ணியம் என்றாள். எல்லோரிடமும் சிரித்தேன். பிறகு கட்டடத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

ஊன்றுகோலோடு வந்தார். யாராவது வாளியில் தண்ணீர் ஊற்றினால் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுகிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாத நிலந்தி," என்று குழந்தை மாதிரி அழுகிறார். நடிப்பு இல்லை, அக்கா. எனக்கே இரக்கமாக இருக்கிறது. அவர் முகத்தைத் துடைத்துவிடும்போதே, அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். அவருடையதும் நிஜமான காயம் என்கிறார் டாக்டர். அப்படியென்றால் நான் எதை முதலில் பார்ப்பது?

சத்துரி செருப்பு விளையாட்டை நிறுத்திவிட்டாள். பழைய வீட்டில் இருந்தது போலச் சுவரோடு ஒட்டி, சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் மூவருக்கும் தற்காலிகமாக ஒரு பலகை வீடு தரப்போகிறார்கள். என்ன செய்யட்டும்? சொல்லுங்கள்.

நிலந்தி


நிகோசியா
4 ஏப்ரல் 2005

என் தங்கமே,

லயனலும் எனக்கு எழுதியிருக்கிறான். விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று உன்னிடம் சொல்லச் சொல்கிறான். படித்து அழுதேன். 'அவன் திருந்திவிட்டான், சேர்ந்து இரு' என்று உனக்கு எழுதவும் தொடங்கினேன்.

அப்போதுதான் நான் லீவில் வந்தது ஞாபகம் வந்தது. உன் முதுகில் எண்ணெய் தேய்க்க வந்தேன். வேர்க்குரு, தொடாதீர்கள் என்று விலகி ஓடினாய். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

உனக்கு ஒன்றும் கலந்துபோகவில்லை, நங்கி. போ என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, போகாதே என்று சொல்லவும் வரவில்லை. நீ எதைச் செய்தாலும் நான் உன் பக்கம்.

அக்கா


அஹங்கம
27 ஏப்ரல் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

வருஷப் பிறப்பு கழிந்து ஒரு காலையில் பள்ளிக்கூட மாமரத்தடியில் அவரும் நானும் உட்கார்ந்து பேசினோம். டாக்டரும் என் வீட்டுக்காரரின் தங்கையும் கூட இருந்தார்கள். பலகை வீட்டுக்கு நான் வரவில்லை என்றேன்.

"நான் இப்படிக் கிடக்கிறப்பவா விட்டுட்டுப் போற?" என்றார்.

"உங்களுக்கு முடியலன்னு எனக்குத் தெரியுது. எனக்கும் முடியல. உங்க பக்கத்துல இருந்தா என்னோடது ஆறாது."

அவர் கத்தவில்லை. எழுந்திருக்க ஊன்றுகோலைத் தூக்கினார், அவ்வளவுதான். என் இரண்டு கைகளும் தலையை மறைக்க மேலே போய்விட்டன. எல்லோரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அப்படியே உட்கார்ந்து, ஊன்றுகோலைத் தரையில் வைத்து, காலால் தூரத் தள்ளினார்.

"நீ போ," என்றார். கோபமா, வெட்கமா, எனக்குத் தெரியவில்லை.

தங்கை அவரை மாத்தறைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். டாக்டர் அங்கேயும் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். அது எனக்குச் சந்தோஷம். ஆனால் அன்று முழுக்க ஏன் அழுதேன் என்று இன்னும் விளங்கவில்லை.

கயிறு ஆலைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருக்கிறோம். நேற்று தேநீர் கொடுத்தேன். சத்துரி ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனியே இல்ல!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அவள் பிறந்ததிலிருந்து வீட்டுக்குள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்தாள்.

எழுந்து போய் இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.

உங்கள் நங்கி
நிலந்தி