எந்தக் கன்னம் தேவலை?

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் சுகம்தானே? முட்டிவலி மாத்திரையை விடாமல் போடு. எரிச்சலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

முகச் சுருக்கத்தைப் போக்க நான் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தேனே ஒரு மருந்து, அதைப் போன மாதம் சோதித்தோம். வந்தவர்களுக்கு ஒரு கன்னத்தில் மருந்து கலந்த கிரீம், மறு கன்னத்தில் வெறும் கிரீம். கடைசியில் பார்த்தால் இரண்டு கன்னமும் ஒரே மாதிரி!

மேலாளர் அசரவே இல்லை. "வாசனையை மாத்துங்க, டப்பா மூடியைக் கனமாப் போடுங்க. விலையை ஏத்தினா தானா வேலை செய்யும்" என்றார்.

"அப்ப நான் எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்குமா?

பயப்படாதே, வேலை போகவில்லை. எந்த மூடி திருக இதமாக இருக்கிறது என்று பார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு நாள் முழுக்க மூடி திருகுகிறேன்.

உன் பழைய நூல் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. இங்கே வாங்கும் துண்டெல்லாம் முகத்தைச் சுரண்டுகிறது.

மருந்தின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை. ஒரு கன்னத்தில் மட்டும் நானே பூசி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது எது தேவலை என்று சொல்லு. இங்கே என் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்