இலிங்கா மாட்டிய சூரியன்

மோல்டோவா
பிப்ரவரி 26, புதன்

அன்பு மகள் ரோதிகாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை கை வரவில்லை. நானும் உன் மகள் இலிங்காவும் உயிரோடு இருக்கிறோம், அடுப்புக்கு விறகு இருக்கிறது. நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியைத் தூக்கித் தூக்கி வந்த இடுப்பு வலி குறைந்ததா என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். இதை உட்கார்ந்து படி. இலிங்காவுக்கு நிமோனியா, அதனால்தான் ஆஸ்பத்திரி என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேனே, அது பொய். குழந்தை கட்டிலில் படுத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், உண்மை வரவில்லை. அதனால்தான் கடிதம். நாளைக் காலை, பைகள் ஏற்றிப்போகும் கிரிகோரேயின் வண்டியில் இத்தாலிக்கு, பதோவாவில் இருக்கும் உனக்குப் புறப்படுகிறது.

செப்டம்பரில் எங்கள் பள்ளிக்குத் தொய்னா என்று ஒரு பெண் வந்தாள், மனநல ஆலோசகராம், கிஷினாவில் படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகாதவள். முதல் மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம் பிள்ளைகள் வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடி மூச்சை எண்ண வேண்டும். பிறகு கதவருகே இருக்கும் பலகையில் அவரவர் பெயருக்குக் கீழே ஓர் அட்டை மாட்ட வேண்டும். சூரியன், மேகம், மழை, இடி, அன்றைக்கு மனது எப்படி இருக்கிறதோ அது. நான் ஆசிரியர் அறையில் சிரித்தேன். “இருபத்தாறு வருஷமா சரித்திரம் நடத்தறேன், என் வகுப்பு ஜன்னலுக்குக் கண்ணாடி போட வழியில்ல, மூச்சு விடக் கத்துக்கொடுக்க மட்டும் ஆள் வந்தாச்சு” என்றேன். அதற்கு ருஸ்னாக், “வலேரியு, நீயும் தினம் ஒரு அட்டை மாட்டுய்யா, உனக்கு இடி ஒண்ணே போதும்” என்றான், எல்லோரும் சிரித்தார்கள். மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தவன், எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான். அதை நான் மறக்கப்போவதில்லை.

முதல் வாரம் நான்கு நாளும் இலிங்கா மழை அட்டையை மாட்டினாள். ஐந்தாம் நாள், பெற்றோர்கள் கூட்டத்துக்கு வந்து நிற்கும் நேரத்தில், தொய்னா என்னை நடைவழியில் நிறுத்தி, “சார், இலிங்கா தினமும் மழையே மாட்டுறா. அம்மா நெனப்பு ரொம்ப இருக்கு. அம்மாகிட்ட நான் ஒருவாட்டி பேசட்டுமா?” என்று கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள், இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ரொட்டிக் கடைக்காரி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றதுதான். இரண்டே வருடம் என்று சொல்லி இத்தாலிக்குப் போன உன் அம்மா பதினொரு வருடமாகத் திரும்பவில்லை, அன்றிலிருந்து இந்த ஊர் என் வீட்டை மென்றுகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு வாய் கொடுப்பேனா. அன்று மாலை சோளக்களி கிண்டிக்கொண்டே குழந்தையிடம், “நாளையிலேருந்து சூரியன்தான் மாட்டணும், நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட” என்றேன். “மழையா இருந்தா தாத்தா?” என்று கேட்டாள். “இருந்தாலும் சூரியன்தான்” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள். அதன் பிறகு ஐந்து மாதம், ஒரு நாள் தவறாமல் சூரியன். தொய்னாவே வந்து, குழந்தை நன்றாகத் தேறிவிட்டாள் என்று சொன்னபோது, அவளை ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். உன்மேல் பழி போட இதை எழுதவில்லை, ஆனால் நான் தனியாளாகவும் இதைச் செய்யவில்லை. ஞாயிறுதோறும் போனில் வந்து, “எங்க, அம்மாவுக்குச் சிரிச்சுக் காட்டு, நீ அழுதா அம்மாவால வேல செய்ய முடியாதுடி” என்று சொன்னது நீ. அவளும் சிரித்துக் காட்டினாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் நாங்கள் உனக்கு அனுப்பும் பையில் கறுப்பு மையால் எழுதுவது அவள்தான், என் கையெழுத்தைவிட அவளுடையது தெளிவு. உன் பெயர், பதோவா, உன் போன் எண், எடை. நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் கிரிகோரே பையைத் தொடமாட்டான். பதின்மூன்றாம் தேதி காலை அக்ரூட்டும் பிளம் ஜாமும் பாலாடைக்கட்டியும் கட்டி, ரொட்டிக் கடைவாசலில் நின்ற அவன் வண்டியில் இருவருமாகப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போனோம். அவள் வகுப்புக்குப் போய்ச் சூரியனை மாட்டினாள். முதல் இடைவேளையில் வெளியே போனாள். வகுப்பாசிரியை, குழந்தை தாத்தாவிடம் போயிருப்பாள் என்று நினைத்தாள். நான், வகுப்பில் இருக்கிறாள் என்று நினைத்தேன். பலகையில் சூரியன் தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் தேடவில்லை. வண்டிக்குப் பின்னால் பைகள் ஏற்றும் இழுவைப் பெட்டி இருக்கிறதே, அதன் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே போய்ப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். பத்து மணிக்கு வண்டி கிளம்பிவிட்டது. அன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.

ஒரு மணிக்கு வேறொரு ஊரில் பை ஏற்றத் தார்ப்பாயை விலக்கிய கிரிகோரே அவளைப் பார்த்திருக்கிறான். கோட்டின் முன்பக்கம் கறுப்பு மையால் உன் பெயர், பதோவா, உன் எண், 23 கிலோ. பள்ளியில் நர்ஸ் எடை பார்த்ததை நினைவு வைத்து எழுதியிருக்கிறாள். எண் உன்னுடையது, ஆனாலும் அவன் எனக்குத்தான் போன் செய்தான். எதிலும் கேலி பேசுகிறவன், “யோவ் வாத்தியாரே, நீ ஏத்தினதுல ஒண்ணு மூச்சு விடுதுய்யா” என்று தொடங்கினான், மேலே பேச முடியாமல் அழுதுவிட்டான். அவள் அழவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். “பையெல்லாம் அம்மாகிட்ட போய்ச் சேருதே தாத்தா, நான் எடைகூட எழுதியிருந்தேனே” என்றாள். எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. குளிர் தெரியவில்லையா என்றேன். “சத்தம் கேட்டா எறக்கிவிட்ருவாங்கன்னு வயித்துல கை வச்சு மூச்ச எண்ணிட்டிருந்தேன், ஆயிரத்துக்கு அப்புறம் விட்டுப்போச்சு” என்றாள். இடது காலின் சுண்டுவிரல் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று, ரோதிகா. மற்ற விரல்கள் பிழைத்துவிட்டன, நடப்பாள் என்கிறார் டாக்டர்.

தொய்னா மூன்று முறை பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஒரு சொல் சொல்லட்டும், பத்தாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன், அவள் சொல்லவில்லை. கட்டு மாற்றும்போது இலிங்கா கண்ணை மூடி மூச்சை எண்ணினாள், என்ன தைரியம் என்று நர்ஸ் மெச்சினாள். தொய்னா மட்டும் முகம் வெளுத்து என்னை வெளியே கூட்டிப்போய், “அழாம இருக்கறதுக்கு நான் இத சொல்லித் தரல சார், ஏன் அழுகை வருதுன்னு தெரிஞ்சுக்கத்தான் சொல்லித் தந்தேன். அஞ்சு மாசமும் ஒரே அட்ட, நான் சந்தேகப்பட்டிருக்கணும்” என்றாள். பழியை அவளாகவே எடுத்துக்கொண்டாள், நானும் எடுத்துக்கொள்ள விட்டேன். பிறகு உள்ளே போய்ப் போர்வைமேல் நான்கு அட்டைகளையும் பரப்பி, எது வேண்டுமோ எடுத்துக்கொள் கண்ணு என்றாள். இலிங்கா அட்டைகளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, “எது தாத்தா?” என்றாள்.

அங்கேயே, குழந்தை முன்னால், சூரியனை மாட்டச் சொன்னது நான்தான் என்று தொய்னாவிடம் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அது எனக்கு வராது. அவளுடைய மூச்சுக் கணக்கின்மேல் இன்னும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் குழந்தையின் மழையைக் கண்ணால் பார்த்தவள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

இலிங்கா கடைசியில் எந்த அட்டையை எடுத்தாள் என்று எழுத மாட்டேன். அதை நீ வந்து அவளிடமே கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு, பதில் வர நேரமாகிறது. கர்த்தர் உன்னை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும், உன் கைகளுக்கும் இடுப்புக்கும் பலம் தரட்டும். உன் அம்மாவைப் பார்த்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு, காட்டாவிட்டாலும் சரி. ஒன்று மட்டும் மறக்காதே, ஈஸ்டருக்கு அங்கிருந்து பை எதுவும் அனுப்ப வேண்டாம். கிரிகோரே இந்த ஞாயிறு காலை பதோவாவிலிருந்து திரும்புகிறான். விசாரித்துவிட்டேன், முன்னால் ஓர் இருக்கை காலியாக இருக்கிறதாம், உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வலேரியு