காய வைக்காத படம்

டேய்,

இன்று காலை குன்னூர் ஃபிளெக்ஸ் கடையில் உன் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாளை உனக்கு முப்பதாம் நாள் பூசை. "அவன் சிரிக்கற மாதிரி ஒரு படம் உன் போன்ல இருக்குமில்லடா?" என்று உங்கம்மா கேட்டிருந்தார்கள். இருந்தது. ஒன்றே ஒன்று.

கடைக்காரர் உற்றுப் பார்த்தார். "மூஞ்சி தெளிவா இருக்குது தம்பி. தலைதான் சொட்டச் சொட்ட ஈரமா இருக்குது. கம்ப்யூட்டர்ல காய வெச்சரட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை."

அந்த ஈரம் என் கைவரிசை என்று அவருக்குத் தெரியாது. உங்கம்மாவுக்கும் அப்போது தெரியாது.

கோயமுத்தூர் கிளம்பிய அன்று நீ ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாய். கீழே எத்தனை வெயிலானாலும், திரும்பி மலையேறும்போது வேண்டுமென்று நம் ஊரில் எல்லோரும் எடுத்துப்போவதுதான். "அங்க இதோட திரிஞ்சா, மலைக்குரங்கு எறங்கிருச்சும்பாங்க" என்று சொல்லிச் சொல்லி அதை உன் வீட்டிலேயே விட்டுவிட்டு வர வைத்தேன். நானும் எடுத்துவரவில்லை.

குளக்கரைப் பூங்காவில் அந்த நீரூற்று. கல்லில் கால் வைத்தால் தரையிலிருந்து தண்ணீர் பீறிடும். குழந்தைகள் மிதித்துக் கும்மாளம் போட்டார்கள். நீ மட்டும் பத்தடி தள்ளி நின்றாய்.

"நனைஞ்சா எங்க ஊட்ல துணி மூணு நாளைக்குக் காயாதுடா."

"மலைக்காரன் மழைக்கே பயப்பட மாட்டான், நீ தரைக்குப் பயப்படறியே! அதோ அந்தக் கல்லு காஞ்சுதான் கெடக்குது. ஏறி நில்லு, ஒரே ஒரு போட்டோ."

எந்தக் கல் பீறிடும் என்று அதற்கு முன்பே நோட்டம் பார்த்து வைத்திருந்தேன். நம்பி ஏறினாய். பதினொரு படம் எடுத்தேன். பத்தில் உன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். பதினொன்றாவதில் தண்ணீர் இறங்கிவிட்டது. "நாயே, ஊருக்கு வா, வெச்சுக்கறேன்" என்று சிரித்தபடி என்னைப் பார்க்கிறாய்.

திரும்பும்போது பஸ் மலையேறிப் பர்லியார் தாண்டியதும் உன் பல் கிடுகிடுத்தது. "பல்லுல தபேலாவா?" என்றேன். டேய், அப்போதும் எனக்கு ஜோக்தான் வந்தது.

வீட்டில் உங்கம்மா கேட்டதற்கு, "கோயமுத்தூர்ல செம மழைம்மா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். மூன்றாம் நாள் காய்ச்சல். அப்புறம் நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி. நனைந்ததால் வந்ததல்ல, கிருமி முன்பே உள்ளே இருந்திருக்கும் என்றார் டாக்டர். அதைத் தினமும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். மனதில் நிற்கவில்லை.

"காய வெக்க வேண்டாங்கண்ணா" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். கல், ஸ்வெட்டர், நீ சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். அடிப்பார்கள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

உங்கம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "தலையத் தொவட்டாம நிக்கறான் பாரு" என்று முந்தானையால் போன் திரையில் உன் தலையைத் துடைத்தார்கள். துடைத்த வேகத்தில் படம் நகர்ந்து, தண்ணீர் மட்டும் நிற்கிற படம் வந்தது. உன்னைத் திரும்ப எடுத்துக் கொடுத்தேன். மறுபடி துடைத்தார்கள். மறுபடி தண்ணீர். எத்தனை தடவை என்று தெரியவில்லைடா, அவர்கள் துடைக்கத் துடைக்க நான் உன்னை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.