கரி வண்டி, வுங் டாவ் வரை

மார்ச் 11, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுடுகிறது. பேருந்தின் முதுகில் கரி உலை பொருத்தி முடித்தேன். பழைய பீப்பாய், வடிகட்டி, இரண்டு முழம் குழாய். போரில் அமெரிக்கர்கள் விட்டுப்போன எஞ்சின், பெட்ரோல் குடித்துப் பழகிய துரை. இனி கரிப்புகைதான் துரைக்குச் சாப்பாடு.

கப்பல் வந்தால்தான் நாட்டில் பெட்ரோல். வுங் டாவ் கடலில் எண்ணெய் தோண்டுகிறார்களாம். அதுவரை கரி. மேலிடத்து உத்தரவு.

சனிக்கிழமை சோதனை ஓட்டம், வுங் டாவ் வரை. யாரும் இறங்கித் தள்ளக் கூடாது. தள்ளினால் வண்டி பழைய இரும்புக்கு, பட்டறைக்குப் பூட்டு. நானும் மனைவி லானும் மகளும் ஊரைவிட்டுக் காட்டு நிலம் திருத்தப் போக வேண்டும், வேலையில்லாத குடும்பத்துக்கு அதுதான் உத்தரவு. போக மாட்டேன்.

மார்ச் 12, புதன்

எஞ்சின் இருமுகிறது. பேருந்துக் கூட்டுறவுச் சங்கம் கொடுத்த கரி ஈரம். ஓட்டுநர் ஹாய் அண்ணன்: "இதுல டீத்தண்ணிகூடக் கொதிக்காது." நல்ல கரி கால்வாய்ப் படகுகளில் மட்டும். கள்ள வியாபாரம்.

சாயங்காலம் வாசலில் வார்டு அலுவலர். அவருக்குப் புரியாமல் லானிடம் சொல்ல ஒரே வழி, என் காரைக்கால் தமிழ். "நாளைக்குக் கரி வாங்கிடு. நல்லதாப் பாத்து, கெடைக்கிற மட்டும்." தலையாட்டினாள். பாவம், இந்த ஊர்க்காரி, என்னிடம் கற்றதெல்லாம் அடுப்படித் தமிழ்.

மார்ச் 13, வியாழன்

லான் நான்கு மணி நேரம் வரிசையில் நின்று, மாதத்து ரேஷன் இறைச்சிச் சீட்டு முழுவதையும் கொடுத்து, பன்றிக்கறி வாங்கி வந்திருக்கிறாள்.

"கரி கேட்டேன் லான்! அடுப்புக்கரி!"

"நீங்க கறி சொன்னீங்க. கறி வந்துச்சு."

கத்திவிட்டேன். தப்பு என்னுடையது. ர, ற இரண்டும் என் வாயில் ஒன்றுதான். வாத்தியார் அடித்தும் திருந்தவில்லை. மகள் இலைப் பொட்டலத்தை முகர்ந்துகொண்டே இருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. லான் உப்புத் தடவி எடுத்து வைத்தாள்.

மார்ச் 14, வெள்ளி

விடிந்ததும் லான் கறிப் பொட்டலத்தோடு கால்வாய்ப் படகுகளுக்குப் போனாள். நான் சொல்லவில்லை. திரும்பும்போது நான்கு மூட்டை கரி. தட்டினால் கணீர்.

"பிள்ளைக்கு ஒரு துண்டு எடுத்து வெச்சியா?"

"எடுத்தா ஒரு மூட்டை குறையும்."

தவக்காலத்து வெள்ளி, இன்று கறி கிடையாது என்று மகளைச் சமாளித்தாயிற்று.

மார்ச் 15, சனி

கிளம்பியது. நான் பின்னால், உலையருகே. டோங் நாய் பாலத்து ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. சைக்கிள்காரன் ஒருவன் முந்திப் போனான், சிரிப்பு வேறு. பயணிகளில் இரண்டு பேர் இறங்கித் தள்ள எழுந்தார்கள்.

"உக்காருங்க! ஒருத்தரும் எறங்கக் கூடாது!" ஹாய் அண்ணன் போட்ட கத்தல்.

மூடியைத் திறந்து லானின் கரியைக் கொட்டினேன், கம்பியால் குத்தினேன். புருவம் பொசுங்கியது. ஏறிவிட்டது!

வுங் டாவில், கூடவே வண்டியில் வந்த ஆய்வாளர் சட்டைச் சாம்பலைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஆறு வண்டி மாற்ற வேண்டுமாம். மாற்றுவேன்.

வீடு. சோறு, மீன் சாறு. மகள் தட்டைப் பார்த்தாள்.

"கறி எங்கம்மா?"

லான் என்னைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்: "கறி வுங் டாவ் போச்சு."