மூன்று தரம் ஐந்து

மே 6, 2014
அம்மா என்னைச் "சுழி" என்பார், குறும்புக்காரி என்று. தண்ணீருக்குள் வேறென்ன இருக்கும்?

இன்றைய சுழித்தனம் நீச்சல்குளத்தில், பிரோஷ்கா சின்யோராவிடம் (சின்யோரா என்றால் இங்கே அம்மணி). நெடுந்தூரம் நீந்துகிறவர்கள் சுவரடிக்கு வரும்போது, மிச்சம் எத்தனை நீளம் என்று தண்ணீருக்குள் பலகையில் காட்டவேண்டும். 15, 13, 11... நான் 5-ஐ மூன்று தரம் காட்டினேன். எழுபதுகளில் எண்ணூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஐரோப்பாவையே அடித்த ஹங்கேரிக்காரி அவர். இரண்டாவது ஐந்திலேயே எழும்பிக் காதைத் திருகுவார் என்று காத்திருந்தேன்.

திருகவில்லை. ஆயிரம் மீட்டர்தான் என்று நம்பி, நாலு நீளம் கூடுதலாக நீந்தி முடித்துவிட்டு நேரத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது.
"நான் இவ்வளவு மெதுவோ?"

மே 7
மன்னிப்புக் கேட்டேன். "கள்ளி! எனக்கு அப்பவே தெரியும்" என்று சிரித்தார்.
"அப்ப எந்த இலக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினனான்?"
"ஒன்பது."
நான் சிரிக்கவில்லை.

மே 17
காலையில் நீந்திவிட்டுப் போனவர் பதினொரு மணிக்குத் திரும்ப வந்தார். தலைமயிர் இன்னும் ஈரம்.
"இண்டைக்குப் பிந்திப்போனன்" என்று மறுபடி குதித்தார்.

மே 18
எமிலியானாவிடம் சொன்னேன். சின்யோராவின் மகள், குளத்தை நடத்துகிறவர். என் அம்மா அவர் வீட்டில் துப்புரவு வேலை செய்வதால்தான் எனக்கு இலவச நீச்சல்.
"தர்மிளா, போன மாசம் என்ரை கைப்பைக்குள்ளை மத்தி மீன் வைச்சது ஆர்? இப்ப என்ரை அம்மாவை வைச்சுப் பகிடியோ?"

செப்டெம்பரில் புடாபெஸ்டில் மூத்தோர் போட்டி. நாற்பது வருடத்துக்குப் பிறகு சின்யோரா சொந்த ஊரில் நீந்தப்போகிறார். டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

என் அம்மா: "வாயைப் பொத்திக்கொண்டிரு. வேலை போயிடும்."

ஜூன் 3
சின்யோராவே என்னை உடைமாற்றும் அறைக்குக் கூப்பிட்டார்.
"ஆருக்கும் சொல்லாதை. தெரிஞ்சா என்னைத் தண்ணிக்குள்ளை விடமாட்டினம். செப்டெம்பர் முடியுமட்டும் பொறு."
என் மணிக்கட்டை விடவில்லை. ஓம் என்றேன்.
ஏன் ஓம் என்றேன்?

ஜூன் 22
மொண்டெல்லோக் கடற்கரை. ஞாயிறுகளில் அவர் தனியே மஞ்சள் மிதவை வரை நீந்தித் திரும்புவார். கடலில் சுவர் இல்லை. எனக்கு அதுதான் பயம். எங்கள் வீடு இருக்கும் பிரான்காச்சோவிலிருந்து இரண்டு பஸ் மாறி இலக்கப் பலகையோடு போனேன்.

மிதவையைத் தாண்டினார். தாண்டி — போறா, போறா, திரும்புறா இல்லை! கத்தினன், கேக்கேல்லை. பலகையை நெஞ்சுக்குக் கீழை வைச்சு அடிச்சு நீந்தினன். அறுபத்துநாலு வயசு மனிசியைப் பிடிக்க எனக்கு உயிர் போச்சு.

முன்னால் மறித்தேன். நீச்சல் கண்ணாடிக்குள் கண்கள், அவற்றுக்கு என்னைத் தெரியவில்லை.
"இன்னும் எத்தனை?"

1-ஐத் திருப்பி முகத்துக்கு நேரே பிடித்தேன். கையால் கரையைக் காட்டினேன்.

தலை தண்ணீருக்குள் போனது. கடைசி நீளத்தைச் சாம்பியன்கள் எப்படி நீந்துவார்களோ அப்படி. கரைவரை என்னால் அவரைப் பிடிக்கவே முடியவில்லை.

ஜூன் 23
எமிலியானாவிடம் எல்லாம் சொன்னேன். இந்தமுறை அழுதுகொண்டே சொன்னதால் நம்பினார்.
அம்மாவின் வேலை போகவில்லை. புடாபெஸ்ட் போய்விட்டது.

ஜூன் 29
சின்யோரா என்னோடு கதைக்கவில்லை. கோபம் என்றால் நல்லது. கோபத்துக்கு ஞாபகம் வேண்டுமே.

நவம்பர் 9
இப்போது பிள்ளைகளின் சின்னக் குளம்தான். இடுப்பளவு தண்ணீர். எமிலியானா பக்கத்தில் நடந்துகொண்டே வருகிறார். நான் பலகை பிடிக்கிறேன். ஒரு இலக்கமும் பிசகுவதில்லை.

இன்று 1-ஐக் காட்டினேன். சின்யோரா நின்றார். விரலால் அதை மேலிருந்து கீழே தடவினார்.

"வடிவான கோடு" என்றார்.