சாமி மாமா உன் பக்கம் வருகிறார்

அன்பு மகளுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். நான் நடமாடுகிறேன், முட்டி வலிக்கிறது, அதை விடு. போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். எனக்கு மெதுவாகப் பேச வராது, வகுப்பறைத் தொண்டை. முன்னறையில் உன் சாமி மாமா உட்கார்ந்திருக்கிறார், இது அவர் காதில் விழக்கூடாது.

மாமாவின் பணி ஓய்வு விழா நல்லபடியாக முடிந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் குருவானவராக இருந்ததில் பாதிக்கு மேல் இந்த ஒரே கோயில் பங்கில்தான், மாற்றல் வந்தபோதெல்லாம் சனங்கள் ஆயர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து ரத்து பண்ண வைத்தார்கள். காரணம் பிரசங்கம் இல்லை, அது தூக்க மாத்திரை என்று பூசைக்கு மணியடிக்கிற கோயில்பிள்ளையே சொல்வார். செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம்தான் காரணம். அந்தக் கூண்டில் கேட்டதைக் குருவானவர் உயிர் போனாலும் வெளியே விடக்கூடாது என்பதால், தன்னிடம் அழுதவர்களை மறுநாள் கடைத்தெருவில் பார்த்தால், 'உங்க பேரு என்னம்மா?' என்று முதல்முறை பார்ப்பவர் போலக் கேட்பார். உன் கல்யாணத்தில் மளிகைக்கடைக்காரரிடம் அப்படிக் கேட்டதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சாமிக்கு எதுவும் மண்டையில் தங்காது என்று கேலி பேசிக்கொண்டே எல்லாரும் எல்லாவற்றையும் அவரிடம் இறக்கி வைத்தார்கள். என் பாவத்தில் பாதி அவரைத் திட்டியதுதான் என்பதால் நான் மட்டும் பக்கத்துப் பங்குக்குப் போய்விடுவேன்.

இதில் நடந்த கோளாறைக் கேள். தினமும் வயிற்றுவலி என்று நடிக்கிற பிள்ளைக்கு ஒருநாள் நிஜமாகவே வலித்தால் எந்த டீச்சரும் நம்பமாட்டார். அப்படித்தான் ஆனது. கோயில்பிள்ளையிடமே பேர் கேட்டபோது அவர் சிரித்திருக்கிறார். பூசையில் ஒரே வாசகத்தை மறுபடி படித்தபோது சாமிக்கு விளையாட்டு என்றார்கள். நானும்தான். ஓய்வுபெற்று என் வீட்டுக்கு வந்த பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூளை சுருங்குகிறதாம். புதியது முதலில் போகும், பழையது கடைசிவரை இருக்கும் என்றார். எனக்குப் பயமே அந்தப் பழையதை நினைத்துத்தான்.

சலூனில் முகத்தில் நுரையோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர், 'எத்தனை தடவை மகனே, சொல்லு' என்று கூண்டில் கேட்பது போலவே கேட்டாராம். சவரம் செய்தவர் சிரித்துவிட்டார், காத்திருந்தவர்கள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சனங்களின் முகமே வேறு. எட்டிப் பார்க்காதவர்கள் பழத்தோடு வந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்கிறார்கள். தினமும் வந்துகொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் அடியோடு நின்றுவிட்டார். தையல்காரம்மா அடுப்படிக்கே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அக்கா, சாமி தூக்கத்துல பேசுவாரா?' என்று கேட்டாள். இல்லை என்றேன். பொய். மத்தியானம் சாய்வு நாற்காலியில் உதடு அசைகிறது. ஒருநாள் அரை வரி என் காதில் விழுந்தும்விட்டது. அது என்னவென்று உனக்குக்கூட எழுதமாட்டேன். யாருடையது என்றும் தெரியாது. ஆனால் கோயிலில் ஒவ்வொருத்தி முகத்தையும் இவளா, இவளா என்று பார்க்கிறேன். அரை வரிக்கே இந்தப் பாடு.

அதிலிருந்து ஒரு வழி வைத்திருக்கிறேன். உதடு அசைந்ததும் பக்கத்தில் போய் நின்று பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்வேன். சின்ன வயதில் காதைத் திருகி அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். மூன்றாவது வரியில் அவரும் சேர்ந்துகொள்கிறார், தப்பே வராது. முடிக்கும்போது முகம் தெளிந்துவிடும்.

தையல்காரம்மா கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அன்று சாயங்காலம் நல்ல தெளிவோடு இருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'நான் பேசறது ஒருத்தருக்கும் புரியாத இடத்துல என்னைக் கொண்டுபோய் விட்டுடுக்கா' என்றார். வயதான குருக்களுக்கு இங்கேயே இல்லம் இருக்கிறதே என்றேன். அங்கே சமைப்பவரிலிருந்து துணி துவைப்பவர் வரை நம்ம பங்கு சனம்தானே என்றார். ஆயரிடமும் அவரே பேசினார். ஆயர் பல இடம் விசாரித்து ஏற்பாடு செய்த இல்லம் நீ இருக்கும் நாட்டில், உன் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரமாம். அடுத்த மாதம் பயணம். அங்கே நம் பாஷை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை என்றதும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்கு இல்லை. தாகம் என்றால் யாருக்குப் புரியும்? குளிருகிறது என்றால்? பயமாக இருக்கிறது என்றால்?

உன்னை அங்கே வரவேண்டாம் என்று எழுதச் சொன்னார். அந்த இல்லத்தில் அவர் பேச்சு புரிகிற காது உன்னுடையது ஒன்றுதான். எழுதிவிடுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நீ போ, ஞாயிறுதோறும் போ. தண்ணீர், குளிர், வலி, பயம், இந்த நான்கையும் அவர் எப்படிச் சொல்வார் என்று முதல் நாளே நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடு. உன்னைப் பார்த்து உங்க பேரு என்னம்மா என்று கேட்டால், இது பழைய மறதியா புது மறதியா என்று ஆராயாதே, உடைந்தும் போகாதே, பேரைச் சொல். உதடு அசைந்தால் மட்டும் ஒரு நொடிகூடக் காத்திருக்காதே, வாய்ப்பாட்டை ஆரம்பித்துவிடு. என்னைப் போல அரை வரி வாங்கிக்கொண்டு வந்துவிடாதே.

கடவுள் உங்கள் இருவரையும் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. பதினாறில் நீ எப்போதும் ஏழாவது வரியில் தடுமாறி நிற்பாய். இப்போதே படிக்க ஆரம்பி. நூற்றுப் பன்னிரண்டு. அங்கே நீ நிறுத்தினால் அவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

உன்னையே நம்பியிருக்கும்
அம்மா