மரங்களுக்குள் போக ஒரு சோடி

இன்று காலை குளிர்கால உடுப்புப் பெட்டியைத் திறந்தேன். மேலே கிடந்த கையுறைகளுக்குள் இருந்து அந்த மணம் வந்தது. ஈரக் கம்பளி, வெயிலுக்குப் பூசும் கிரீம், எப்போதோ உள்ளே உருகிப்போன சொக்லேட், எல்லாம் கலந்த மணம். பனிமலைக்குப் போகாதவர்கள் அதை நாற்றம் என்பார்கள். எனக்கு அது, சிநேகிதி, உம்முடைய மணம். கையுறையை மூக்கில் வைத்தபடி கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டேன். "என்னப்பா, கையுறையோடை கதைக்கிறீரோ?" என்று என் கணவர் வாசலில் நின்று கேட்டார். ஓம் என்றேன். கதைக்கிறது என்று ஆகிவிட்ட பிறகு, எழுதியே கதைப்போம் என்று இருந்துவிட்டேன்.

நாம் இருவரும் எப்படி இந்தப் பைத்தியத்தில் விழுந்தோம் என்று இப்போதும் ஆட்கள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம்தான் காரணம் என்று சொல்கிறேன். நான் கணிதம், நீர் இரசாயனம். ஒவ்வொரு குளிர்காலமும் பிள்ளைகளை ஜிண்டபைன் பக்கத்துப் பனிமலைக்குச் சறுக்க அழைத்துப் போவார்கள். அந்த வருடம் கூடப் போக ஆசிரியர்கள் போதவில்லை. பள்ளி அதிபர் ஆசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நாம் இருவரும் மட்டும் தலையைக் குனிய மறந்துபோனோம். நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள், குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே பனியைக் கண்டதில்லை. "பிள்ளையள் விழுந்தால் தூக்கவேணும். அதுக்கு முதல் நாங்கள் விழுந்து பழகவேணும்" என்று சொல்லிவிட்டு நீர் விழத் தொடங்கினீர். நானும் விழுந்தேன். அன்று முதல் ஒரு குளிர்காலத்தையும் நாம் விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் உம்முடைய கார், என்னுடைய சாப்பாட்டுப் பொதி, வழியில் கூமாவில் ஒரு கோப்பி என்று போய்க்கொண்டே இருந்தோம். "ரெண்டு கிழவியளும் காலை முறிக்க வெளிக்கிட்டினம்" என்று ஒவ்வொரு முறையும் என் கணவர் கைகாட்டி அனுப்புவார்.

அத்தனை வருடமும் நாம் சறுக்கியது இயந்திரம் அழுத்திவிட்ட சரிவுகளில். இஸ்திரி போட்ட சேலை மாதிரி இருக்கும். அதற்குச் சப்பாத்தில் பூட்டும் நம்முடைய ஒடுங்கிய சறுக்குப் பலகை, அந்த ஸ்கீ, போதும். விளிம்பு பனியை வெட்டும், கால் திரும்பும். ஆனால் கம்பியில் தொங்கும் கதிரையில் மேலே போகும்போது உம்முடைய கண் அந்தச் சரிவுகளில் இராது. பக்கத்தில், ஒருவரும் அழுத்தாத புதுப்பனி மூடிய மரங்களுக்குள் இருக்கும்.

"அங்கை என்ன இருக்கு, பாப்பம்?"

"மரம் இருக்கு."

"மரத்துக்கும் மரத்துக்கும் நடுவிலை?"

ஒருநாள் பார்க்கப் போனோம். பத்தடி போகவில்லை, நீர் இடுப்பு வரை புதைந்தீர். மாக் குவியலில் கத்தியை வைத்தால் கீழே இறங்கும், தட்டகப்பையை வைத்தால் மேலே நிற்கும் அல்லவா? நாம் கத்தியோடு போய்விட்டோம். உம்மை இழுத்து எடுத்து முடிக்க எனக்கு மூச்சு வாங்கியது. நீரோ பனியைத் தட்டிக்கொண்டே, "இதோடை ஏலாது. அகலமான இன்னொரு சோடி வேணும்" என்றீர்.

"இருக்கிற சோடி காணாதே?"

"கலியாண வீட்டுக்கும் கடற்கரைக்கும் ஒரே செருப்பையே போடுறனீர்?"

அந்த அகலச் சோடி சில வருடங்கள் நம் வாயில் மட்டும் இருந்தது. பிறகு ஒரு ஜூலை மாதம், இங்கே நடுக்குளிர்காலம், நீர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நாளைக்குக் கடைக்குப் போவம். இந்த வருஷமே வேணும்" என்றீர். என்ன அவசரம் என்று கேட்டேன். "ரிட்டயர் ஆகியும் யோசிச்சுக்கொண்டிருந்தால் எப்பதான் வாங்கிறது?" என்றீர். சரியான பதில் போலத்தான் இருந்தது.

அந்த வருடம் நீர் மெலிந்திருந்தீர். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பெண்கள் உம்மைச் சுற்றிக்கொண்டு என்ன டயட் என்று கேட்டார்கள். "சோத்தை விட்டிட்டன்" என்று எல்லோருக்கும் சொன்னீர். எனக்கும் அதையே சொன்னீர். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை வாய் திறக்கும் முன்பே பிடித்துவிடும் ஆசிரியை நான். ஆனால் சிநேகிதியின் முகத்தில் சிவப்புப் பேனாவை வைக்க மனம் வராது.

கடையில் இருந்த ஜில் நம் வயதுப் பெண். நரைத்த தலைமயிரைப் பின்னிக் கட்டியிருந்தார். வரிசையில் ஆக அகலமானதைத் தொட்டுப் பார்த்து, "இதிலை தோசையே சுடலாம்" என்றீர். ஜில்லுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார். அது ஜப்பான் போன்ற இடங்களுக்கு, அங்கே பனி உலர்ந்து ஆழமாகக் கிடக்கும் என்றார். இங்கத்தைய பனி கொஞ்சம் கனம். மரங்களுக்குள் சட்டென்று திரும்பவும் வேண்டும், பிறகு அழுத்திய சரிவு வழியாக வீடு வந்து சேரவும் வேண்டும். அதனால் அகலம் நடுத்தரமாக இருக்கட்டும், முனை மட்டும் படகின் மூக்குப் போல மேலே வளைந்திருக்கட்டும் என்றார். நல்ல பாடம். நானே குறிப்பு எடுத்திருப்பேன்.

நீர் ஒரு சிவப்புச் சோடியைத் தேர்ந்தீர். நிறுத்திப் பார்த்தால் உம்முடைய நெற்றிக்கு மேலே நின்றது. நீளம் உங்கள் நிறையைப் பொறுத்தது என்றார் ஜில். "இந்தக் கேள்வி கேட்டால் பெண்கள் ஐந்து கிலோவை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொன்னால் முழங்கால்தான் தண்டனை அனுபவிக்கும்."

"எழுபத்திரண்டு" என்றீர், கண் இமைக்காமல்.

ஜில் தலையாட்டிவிட்டுத் திருப்புளியை எடுத்தார். சப்பாத்தையும் ஸ்கீயையும் பிணைக்கும் பூட்டில் ஒரு திருகாணி உண்டு. விழும்போது பூட்டு காலை விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசைக்கு விடவேண்டும் என்பதை அந்தத் திருகாணி தீர்மானிக்கும். வீட்டு மின்சாரத்துக்குப் போடும் ஃபியூஸ் போலத்தான். தேவைக்கு மேல் பெரிய ஃபியூஸ் போட்டால், அது எரியாமல் வீடு எரியும். கனமான ஆளுக்கு இறுக்கிய பூட்டு மெலிந்த ஆளின் காலை விடாது. கால்தான் முறியும்.

நீர் சிவப்பு ஸ்கீயை உயர்த்திப் பிடித்திருந்தீர். உம்முடைய கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை வழுகிப் போனது. அதை நான் பார்த்ததை நீரும் பார்த்தீர். உலகமெல்லாம் பெண்கள் நிறையைக் குறைத்துச் சொல்ல, நீர் ஏன் கூட்டிச் சொல்கிறீர்?

"அது போன வருஷத்து நிறை" என்றேன் தமிழில்.

"நீர் பேசாமல் இரும்."

"இப்ப எவ்வளவு?"

"உமக்கென்ன? நீரே ஸ்கீ வாங்கிறீர்?"

"உம்மடை காலப்பா. முறிஞ்சால் மலையாலை இழுத்துக்கொண்டு வாறது ஆர்? நான்தானே?"

ஜில் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரமில்லை என்று சொல்லி, திருப்புளியை வைத்துவிட்டு அடுத்த வரிசையில் எதையோ அடுக்கப் போனார். நீர் நிலத்தைப் பார்த்தபடி, "ஐம்பத்தெட்டு" என்றீர். பிறகு ஜில்லுக்குக் கேட்கும்படி அதையே ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னீர்.

ஜில் சிவப்பை எடுத்துச் சுவரில் வைத்தார். உம்முடைய நாடி வரை வரும் நீலச் சோடி ஒன்றைக் கொண்டுவந்தார். "இது உங்களைத் தூக்கும். மற்றதை நீங்கள் தூக்கித் திரியவேண்டி வந்திருக்கும்" என்றார். பூட்டைத் தளர்த்தினார்.

காரில் ஏறியும் நீர் சாவியைத் திருப்பவில்லை.

"சோத்தை நான் விடேல்லை. சோறுதான் என்னை விட்டிட்டுது" என்றீர். கணையத்தில் புற்றுநோய் என்றீர். மூன்று கிழமையில் மருந்து ஏற்றத் தொடங்குவார்களாம். அதற்குப் பிறகு மலையும் இல்லை, பனியும் இல்லை.

"மகனுக்குச் சொன்னீரோ?"

"இல்லை. சொன்னால் பொயிண்ட் குக்கிலை இருந்து முதல் பிளேனிலை வந்து என்னைக் கதிரையிலை இருத்திப் போடுவான். பிறகு எழும்பேலாது. எனக்கு ஒரு நாள் வேணுமப்பா. வருத்தக்காரியாகிறதுக்கு முதல் ஒரேயொரு நாள்."

தகப்பன் இல்லாத பிள்ளை. உமக்கு அவனும் அவனுக்கு நீரும்தான். அவனுக்குத் தெரியாமல் இதை நான் சுமப்பது எப்படி என்று யோசித்தேன். உம்முடைய அந்த ஒரு நாளைப் பறிப்பது எப்படி என்றும் யோசித்தேன்.

"நான் வாறன். ஆனால் மலையாலை இறங்கின கையோடை அவனுக்குச் சொல்லவேணும். அங்கையிருந்தே."

"அங்கையிருந்தேயோ?"

"ஓம். வீட்டை வந்தால் நீர் சொல்லமாட்டீர்."

"சாகும்வரைக்கும் டீச்சர்" என்று சொல்லிக் காரை எடுத்தீர்.

பனியோ வருவதாக இல்லை. ஒவ்வொரு காலையும் நீர் வானிலை பார்த்துவிட்டு எனக்குச் சொல்வீர். மழை என்பீர். வெயில் என்பீர். நீலச் சோடி உம்முடைய வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. முதல் கிழமை போனது, இரண்டாவதும் போனது. கோயிலில் நான் பனிக்காகக் கும்பிட்டேன் என்று இப்போதுதான் உமக்குச் சொல்கிறேன். முருகனிடம் பனி கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைசிக் கிழமையில் ஒருநாள் நீர் கூப்பிட்டு, "வெளிக்கிடும்" என்று மட்டும் சொன்னீர்.

அடுத்த காலை மலை முழுவதும் புதிதாக இருந்தது. நான் ஓர் அகலச் சோடியை வாடகைக்கு எடுத்தேன். மரங்களின் ஓரத்தில் நின்று, ஊன்றுகோல்களின் வாரிலிருந்து கையை வெளியே எடுக்கச் சொன்னீர். கிளையில் கோல் மாட்டினால் தோள்மூட்டு போய்விடும். மரத்துக்குள் ஒருவரை ஒருவர் காணாவிட்டால் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் பதில் தரவேண்டும் என்றீர். பிறகு போய்விட்டீர்.

அழுத்திய சரிவில் ஸ்கீ கறகறவென்று சத்தம் போடும். அங்கே சத்தமே இல்லை. என்னுடைய மூச்சு மட்டும் கேட்டது. இடைக்கிடை யூகலிப்டஸ் இலைகளிலிருந்து பனி பொத்தென்று விழும்.

"இருக்கிறீரோ?"

"ஓம்!"

கொஞ்சத் தூரம் போய் மறுபடியும் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. இன்னொருக்கால் கூப்பிட்டேன். பக்கவாட்டில் வழுகி வழுகி இறங்கிப் போனால், நீர் இரண்டு கையையும் விரித்துப் பனியில் மல்லாந்து கிடக்கிறீர். ஒரு காலில்தான் ஸ்கீ இருந்தது.

"கால்! கால் எப்படி?"

"கால் இருக்கு. ஸ்கீயைத்தான் காணேல்லை" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினீர். வாய்க்குள் பனி போய், புரைக்கேறி, அதற்கும் சிரித்தீர். புதைந்திருந்த ஒரு கிளை தட்டியிருக்கிறது. கோல்களால் பனியைக் குத்திக் குத்தித் தேடினோம். விழுந்த இடத்துக்கு மேலே நீல முனை தெரிந்தது. திறந்து கிடந்த பூட்டை விரலால் தடவிப் பார்த்தீர். "சொன்னபடி விட்டிட்டுது" என்றீர். சற்றுப் பிறகு, என்னைப் பாராமலே, "உம்மடை வாயாலை ஒருக்காலாவது நன்மை வந்திருக்கு" என்றீர்.

அதற்குப் பிறகு நாலைந்து திருப்பத்துக்கு ஒருமுறை நின்றோம். மூச்சு வாங்குவது எனக்குத்தான் என்று நடித்தேன். நீரும் நம்பியதாக நடித்தீர். மத்தியானம் போல, மரங்களை விட்டு வெளியே வந்ததும், பந்தியில் போதும் என்று வாழையிலைக்கு மேல் கையை விரிப்பதுபோல ஒரு கையை விரித்து, "காணும்" என்றீர். அந்த முகத்தில் குறை எதையும் நான் காணவில்லை.

கார் தரிப்பிடத்தில் மகனைக் கூப்பிட்டீர். நான் இறங்கிப் போகப் பார்த்தேன், சட்டைக் கையைப் பிடித்து இருத்திவிட்டீர். முதலில் பனியைப் பற்றித்தான் சொன்னீர். "இல்லையடா, முறியேல்லை... அம்மா மரத்துக்குள்ளாலை போனனான்... மாப்போலையடா, மிதக்குது... ஓம், விழுந்தனான், நல்லா விழுந்தனான்." மறுபக்கத்தில் அவன் ஆங்கிலத்தில் ஏசுவது கேட்டது. ஏசி முடித்து அவனும் சிரித்தான். பிறகு நீர், "ராசா, இன்னொரு விஷயம் இருக்கு" என்றீர்.

நீர் பயந்தபடியே அவன் முதல் விமானத்தில் வந்தான். பயந்தபடியே உம்மைக் கதிரையில் இருத்தினான். ஆனால் பக்கத்தில் தனக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, அந்த ட்ரீஸுக்குள்ளை போனதைச் சொல்லுங்கோ" என்றான். அடுத்த இலையுதிர் காலம் வரை, உமக்குத் தெம்பு இருந்த பொழுதெல்லாம் சொன்னீர். கிளை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதானது.

இப்போது சில ஞாயிறுகளில் என்னைக் கூப்பிடுகிறான். போன கிழமை சொன்னான்: "அன்ரி, அண்டைக்கு அம்மா போனிலை வருத்தத்தைப் பற்றி என்ன சொன்னவ எண்டு எனக்கு ஞாபகமே இல்லை. ஸ்னோ மட்டும்தான் ஞாபகம். அது பிழையோ?" பிழையில்லை ராசா, அம்மா அந்த ஒழுங்கில்தான் சொன்னவ என்றேன். "நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ" என்றான்.

நான் கண்டது உமக்கே தெரியாது. எப்போதும் நீர்தான் முன்னுக்குப் போனீர், உம்முடைய முதுகை நீர் கண்டிருக்க முடியாது. அவனுக்குச் சொன்னதை உமக்கும் சொல்கிறேன். அன்று இரண்டு மரங்களுக்கு நடுவே முழங்காலை மடித்து நீர் இடப்பக்கம் திரும்பினீர். பனி எழும்பி உம்முடைய தோள் வரை வந்து, உம்மை முழுதாக மூடிவிட்டது. அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. பிறகு அந்த வெள்ளைக்குள் இருந்து உம்முடைய மஞ்சள் தொப்பி வெளியே வந்தது, வலப்பக்கம் திரும்பியது, அடுத்த மரத்தைத் தாண்டிக் கீழே போனது. உம்முடைய உடம்பில் கனமே இல்லை.